சலவை நம்பர் இருநூற்றுப் பதினாலு

மே மாதத்தில் வேலை என்று ஏற்காட்டுக்குப் போகிறவனைப் போல ஒரு கிறுக்கன் இருக்க முடியாது. சேலத்தில் முதல் பஸ்ஸைப் பிடித்தாலும் கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் கார்கள் மூக்கோடு மூக்கு முட்டி நிற்கும். குளிர்ச்சியைத் தேடிக் கிளம்பிய சனம் பாதி வழியில் வியர்த்து வழிந்தபடி ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும். அந்த வாரம் நான் ஆறு நாள் ஏறி, ஆறு நாள் இறங்கினேன். ஐம்பத்திரண்டு வயதில் இடுப்பு இதற்கெல்லாம் ஒப்புக்கொள்வதில்லை. எவன் தலையெழுத்தோ என்று சொல்லக்கூட முடியாது, என் தலையெழுத்துதான்.

வேலை இதுதான். மலைமேல் ஒரு விடுதிப் பள்ளிக்கூடம். அங்கே கம்ப்யூட்டர் லேபின் மூலையில் பத்துப் பதினைந்து வருடமாக ஒரு பழைய சர்வர் ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளைகளுக்கும் ஆசிரியர்களுக்கும் அதில் ஆளுக்கு ஒரு அக்கவுண்ட் உண்டு. அவரவர் மெயில், பாடம், படம் எல்லாம் அதற்குள்தான். இப்போது புது சர்வர் வாங்கிவிட்டார்கள். அது வேறு கம்பெனி, வேறு ஆப்பரேட்டிங் சிஸ்டம். பழையதில் இருக்கும் அக்கவுண்டுகளை ஒன்றும் சிந்தாமல் சிதறாமல் புதியதில் கொண்டுபோய் வைக்க வேண்டும். பிள்ளைகள் விடுமுறைக்குப் போயிருக்கும்போதுதான் செய்ய முடியும், அதனால் மே.

கேட்பதற்கு வீடு மாற்றுகிற மாதிரி இருக்கும். வீடு மாற்றினாலாவது சாமான் சாமானாகவே இருக்கும். இங்கே அப்படியில்லை. மெஷினுக்கு யாருடைய பெயரும் தெரியாது. ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர் வைத்திருக்கும். ஒரு ஃபைல் யாருடையது என்று கேட்டால் அந்த நம்பரைப் பார்த்துத்தான் சொல்லும். பெயரெல்லாம் நமக்காக மேலே ஒட்டியிருக்கிற சீட்டு. நம்பர் ஒன்று மாறிப்போனால் ஒரு பிள்ளையின் கடிதத்தை இன்னொரு பிள்ளை படிக்கும்.

மற்ற இடங்களில் அந்த நம்பரை மெஷினே போட்டுக்கொள்ளும். இந்தப் பள்ளிக்கூடத்தில் வேறு மாதிரி. பட்டியலைப் பார்த்ததும் எனக்குத் தலை சுற்றியது. நம்பர்கள் நூற்று ஒன்றில் ஆரம்பித்து ஒரு தொடர்ச்சியாகப் போயின, ஆனால் சேர்ந்த வருடத்துக்கும் வகுப்புக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. லேப் மிஸ்ஸைக் கேட்டேன். நாற்பது வயதிருக்கும், பொறுமைசாலி.

"அது சலவை நம்பருங்க சார்" என்றார்.

விடுதியில் சேருகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் சலவைக்கூடத்தில் ஒரு நம்பர் தருவார்கள். சட்டைக் காலர், சாக்ஸ், துண்டு, தலையணை உறை எல்லாவற்றிலும் சிவப்பு நூலால் அந்த நம்பரைத் தைத்துவிடுவார்கள். சாப்பாட்டுக்கூடத்தில் கூப்பிடுவதுகூட அந்த நம்பரைச் சொல்லித்தான். சர்வர் வந்த காலத்தில் யாரோ ஒரு புண்ணியவான், எப்படியும் ஆளுக்கொரு நம்பர் இருக்கிறதே என்று அதையே மெஷினுக்கும் கொடுத்துவிட்டான். ஒரு பிள்ளை படித்து முடித்துப் போனால் அந்த நம்பர் புதிதாக வருகிற பிள்ளைக்குப் போகும். பழைய அக்கவுண்டை அழித்து அதே இடத்தில் புதியதைத் திறப்பார்கள். முதல் நாள் பாஸ்வேர்டும் அதேதான், சலவை நம்பரை இரண்டு தடவை அடிக்க வேண்டும். பிறகு அவரவர் மாற்றிக்கொள்ளலாம். மறந்துவிட்டேன் என்று வந்து நின்றால் மிஸ் திரும்பவும் சலவை நம்பருக்கே மாற்றிக் கொடுப்பார். அங்கே படித்த எந்தப் பிள்ளையை உலுக்கி எழுப்பிக் கேட்டாலும் இது தெரியும்.

நல்ல ஏற்பாடுதான், எனக்குத்தான் கழுத்தறுப்பு. புது மெஷின் சின்ன நம்பர்களையெல்லாம் தன் சொந்த வேலைக்கு ஒதுக்கி வைத்திருந்தது. அதனால் எல்லோருடைய நம்பரோடும் பத்தாயிரத்தைக் கூட்டி வைத்தேன். நூற்று ஒன்று பத்தாயிரத்து நூற்று ஒன்று ஆனது. இப்படி ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொண்டு வரும்போதுதான் இருநூற்றுப் பதினாலு வந்தது.

அதற்கு முன்னும் பின்னும் இருந்த நம்பர்களெல்லாம் இப்போது படிக்கிற பிள்ளைகளுடையவை. இருநூற்றுப் பதினாலு மட்டும் பள்ளியை விட்டுப் போய் எட்டு வருடம் ஆன ஒரு பெண்ணுடையது. நம்பர் கைமாறவே இல்லை. ஆபீஸ் மேனேஜர் எனக்குக் கொடுத்த உத்தரவு தெளிவாக இருந்தது. இப்போது படிக்கிறவர்கள், வேலை செய்கிறவர்கள், அவ்வளவுதான். போனவர்கள் யாரும் புது மெஷினுக்கு வரக் கூடாது. நான் பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தேன்.

மிஸ் பார்த்துக்கொண்டே இருந்தார். "சார், அத மட்டும் கொஞ்சம் விட்டுவைங்களேன்" என்றார். ஏன் என்று கேட்டால் சொல்லவில்லை. எனக்கு எரிச்சல். மதியம் இடி இடித்துக் கரண்ட் போய், பாதியில் நின்ற வேலையை அன்று இரண்டாவது முறை ஆரம்பித்திருந்தேன்.

மறுநாள் காலை நான் லேபைத் திறந்தபோது வாசலில் ஒரு அம்மா நின்றிருந்தார். என் வயதுதான் இருக்கும், ஒன்றிரண்டு குறைவாகவும் இருக்கலாம். புடவையை இழுத்துச் செருகியிருந்தார். கை இரண்டும் சோப்புத் தண்ணீரில் ஊறி வெளுத்திருந்தன. விடுமுறையில் விடுதிக் கம்பளிகளையெல்லாம் துவைத்துக் காயப்போடுகிற வேலை அவருக்கு. இருபது வருடமாகச் சலவைக்கூடம் அவர் பொறுப்பில்தான். பிள்ளைகளுக்கு நம்பர் கொடுப்பதும் தைப்பதும் அவர்தான்.

"ஏனுங்க சார், இருநூத்திப் பதினால அடிச்சுட்டீங்களாமா?"

"படிச்சு முடிச்சுப் போனவங்களுக்கெல்லாம் நான் எடம் புடிச்சு வெக்க முடியாதுங்க. மேனேஜரு சொன்னதத்தான் செய்யறேன்."

"அது என்ற பொண்ணுங்க."

நான் உட்காரச் சொன்னேன். அவர் உட்காரவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டே சொன்னார்.

அவருடைய ஒரே மகள். ஊழியர் பிள்ளை என்று அந்தப் பள்ளிக்கூடத்திலேயே படித்தவள். விடுதியில் தங்கவில்லை, அம்மாவோடு குவார்ட்டர்ஸில்தான் இருந்தாள். அவளுடைய துணி வீட்டிலேயே துவைக்கிற துணி, அதற்கு நம்பர் தேவையே இல்லை. "ஆனா மத்த புள்ளைங்க சட்டையில செவப்பு நூல் இருக்கறப்ப இவ சட்டை மட்டும் மொட்டையா இருந்தா ஒரு மாதிரி இருக்காதுங்களா? அதான் நானே ஒரு நம்பரு போட்டுத் தச்சுட்டனுங்க" என்றார்.

பிறகு நர்ஸ் படிப்பு, வேலை. வேலைக்குப் போன இடத்தில் தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டாள். சொல்ல வந்தவளை இந்த அம்மா வாசலிலேயே நிறுத்தி, நீ செத்துப்போனதாக நினைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். நாலு வருடம் ஆகிறது. அவள் போன் நம்பரை மாற்றிவிட்டாள். எந்த ஊர் என்றும் தெரியாது. விசாரித்தும் தெரியவில்லை.

"என்ற வாயி சார். வேற யாரும் சொல்லல. நாந்தான் சொன்னேன்."

அப்புறம் மிஸ்தான் ஒரு வழி சொல்லியிருக்கிறார். அந்தப் பெண்ணின் பழைய பள்ளிக்கூட மெயில் இன்னும் இருக்கிறதே, அதற்கு எழுதிப் பார்க்கலாம் என்று. இருந்ததற்குக் காரணமும் இந்த அம்மாதான். மகளுடைய நம்பரை வேறு எந்தப் பிள்ளைக்கும் கொடுக்க மனசு வராமல், ஒவ்வொரு வருடமும் அதைத் தாண்டி அடுத்த நம்பரைக் கொடுத்து வந்திருக்கிறார். நம்பர் கைமாறாததால் அக்கவுண்ட் அழியவில்லை. அம்மா சொல்லச் சொல்ல மிஸ் அடித்து அனுப்புவார். மழை பெய்தது, மிளகு காய்கிறது, மஞ்சக்குட்டையில் இருக்கும் உன் சித்திக்கு ஆபரேஷன் ஆனது. அவ்வளவுதான். மன்னித்துவிடு என்று ஒரு தடவைகூட எழுதவில்லையாம். வாயில் வரவில்லை என்றார்.

பதில் ஒன்றும் வந்ததில்லை. ஆனால் படிக்கிறாள். சர்வரில் படிக்காத கடிதம் ஒரு இடத்திலும் படித்தது வேறு இடத்திலும் இருக்கும். இரண்டு மாதம், மூன்று மாதத்துக்கு ஒரு முறை எங்கிருந்தோ நுழைந்து, சேர்ந்திருப்பதையெல்லாம் படித்துவிட்டுப் போயிருப்பாள். மிஸ் பார்த்துவிட்டுச் சலவைக்கூடத்துப் பக்கம் போய், "படிச்சாச்சுக்கா" என்று சொல்வார். இந்த அம்மாவுக்கு நாலு வருடமாக அந்த ஒரு வார்த்தைதான்.

நான் நேற்று அடித்த பேனாக்கோட்டைப் பார்த்தேன். எனக்கே என் மேல் வெறுப்பாக இருந்தது.

சரி, அக்கவுண்டைக் கொண்டுபோய்விடலாம், அது பெரிய விஷயமில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். புதுப் பட்டியலில் ஊழியர் பகுதியில் "சலவைக்கூடம்" என்று எழுதி அந்த இடத்தில் அந்தப் பெண்ணின் அக்கவுண்டை, மெயில் பெயரை மாற்றாமல், வைத்தேன். மேனேஜர் பார்த்துவிட்டு, "சலவைக்கூடத்துக்கு எதுக்குங்க மெயிலு?" என்றார். "சோப்பு ஆர்டர் போடத்தானுங்க" என்றேன். கையெழுத்துப் போட்டுவிட்டார். அப்பாவி மனுசன்.

சிக்கல் பாஸ்வேர்டில் இருந்தது. சர்வர் யாருடைய பாஸ்வேர்டையும் அப்படியே எழுதி வைத்திருக்காது, அரைத்து வைத்திருக்கும். நாம் அடிப்பதை அதே மாதிரி அரைத்து, இரண்டும் ஒன்றுதானா என்று பார்க்கும். பழைய மெஷின் அரைத்தது ஒரு விதம், புதியது அரைப்பது வேறு விதம். மாவைப் பார்த்து அரிசியைத் திருப்பி எடுக்க எவனாலும் ஆகாது. மற்ற பிள்ளைகளுக்குக் கவலையில்லை. பள்ளி திறந்ததும் ஆளுக்கொரு சீட்டில் புது பாஸ்வேர்டை எழுதிக் கையில் கொடுத்துவிடலாம். இவளுக்கு யார் கையில் கொடுப்பது?

அவள் எங்கோ ஒரு ஊரில் உட்கார்ந்து பழைய பாஸ்வேர்டை அடிப்பாள், திறக்காது. இரண்டு தடவை அடிப்பாள், திறக்காது. போன் போட்டுக் கேட்க மாட்டாள். அம்மா இதையும் சாத்திவிட்டாள் என்று நினைப்பாள். நினைக்காமல் என்ன செய்வாள்? ஏற்கெனவே ஒரு தடவை வாசலில் கதவைச் சாத்தினவர்தானே.

இரண்டு நாள் மல்லுக்கட்டினேன். பழைய விதமாக அரைத்ததைப் புது மெஷின் ஒத்துக்கொள்ளுமா என்று என் சொந்த அக்கவுண்டை வைத்து எத்தனையோ வழியில் முயன்றேன். ம்ஹூம். பழைய சர்வரை இன்னும் நாலு மாதம் ஓடவிடலாமே என்று மேனேஜரிடம் கெஞ்சினேன். அந்த மூலையில் தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் வரப்போகிறதாம். போதும்டா சாமி என்று ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமை மதியம் சலவைக்கூடத்துக்கே போய் அந்த அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன்.

கம்பளிகள் கொடி முழுக்கத் தொங்கின. மழை வருமுன் எடுக்க அவர் ஓடிக்கொண்டிருந்தார். நானும் இரண்டு கம்பளியைத் தோளில் போட்டுக்கொண்டு, அவர் பின்னாலேயே போய்ச் சொன்னேன். பாஸ்வேர்டு வராது. புதிதாக ஒன்று வைத்தால்தான் உண்டு, அது உங்கள் மகளுக்குத் தெரிய வழியில்லை.

அவர் நின்றார்.

"பழசு தெறக்கலீன்னா புள்ளைங்க என்னங்க பண்ணும்?"

"என்ன பண்ணும்?"

"மறந்துபோச்சுன்னு வந்து நிக்கற புள்ளைக்கு மிஸ்ஸு எதைய வெச்சுக் குடுப்பாங்க? சலவ நம்பரத்தானுங்களே? அதையவே வெச்சுடுங்க. அவளும் இங்க படிச்ச புள்ளதான."

இருபத்தைந்து வருடம் சர்வரோடு மாரடித்தவன் நான். எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் அதிலும் வம்பு இருந்தது. சலவை நம்பர் ஊருக்கே தெரிந்த ரகசியம். குறும்புக்காரப் பிள்ளை எவனாவது அடித்துப் பார்த்துவிட்டால்? அதனால் பள்ளிக்கூடத்துக்குள்ளிருந்து அந்த அக்கவுண்ட் திறக்காதபடி தாழ்ப்பாள் போட்டேன், வெளியிலிருந்து வந்தால் மட்டும் திறக்கும். இன்னொன்று என் கைமீறிப் போனது. புது மெஷினில் மூன்று தடவை தப்பாக அடித்தால் பூட்டிக்கொள்ளும். அதை ஒருத்தருக்கு மட்டும் தளர்த்த வழி தேடினேன், கிடைக்கவில்லை. அதையும் அந்த அம்மாவிடம் சொன்னேன். பழசை இரண்டு தடவை அடித்துவிட்டால் நம்பருக்கு ஒரே ஒரு தடவைதான் மிச்சம் என்று.

"அவ புடிவாதக்காரிங்க. பழசையேதான் போட்டுப் போட்டுப் பாப்பா" என்றார். சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

ஜூனில் பள்ளி திறந்தது. மற்றவர்களுக்கெல்லாம் சீட்டுக் கொடுத்து, திட்டு வாங்கி, திருப்பிக் கொடுத்து ஒருவழியாக முடிந்தது. அதன்பிறகு மாதம் ஒரு முறை நான் மலைக்குப் போக வேண்டும். புது ஏற்பாட்டில் இருநூற்றுப் பதினாலைப் பார்க்க மிஸ்ஸுக்கு வழியில்லை, என்னால் மட்டும்தான் முடியும், அதுவும் மலைக்கு வந்தால்தான். அந்த அம்மாவும் மிஸ்ஸும் எழுதுவதை மட்டும் நிறுத்தவில்லை. ஜூனில் ஒரு கடிதம் படிக்காமல் இருந்தது. ஜூலையில் இரண்டு. செப்டம்பரில் நாலு. என் போன் நம்பரைக் கொடுத்திருந்தேன், அந்த அம்மா ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. நான் வந்திருப்பது தெரிந்தால் சலவைக்கூடத்து வாசலில் வந்து நிற்பார், அவ்வளவுதான். நான் தலையை ஆட்டுவேன். அவர் உள்ளே போய்விடுவார். உண்மையைச் சொன்னால், அந்த வாசலைத் தாண்டிப் போவதற்குப் பயந்தே நான் பின்பக்கப் படி வழியாக ஏற ஆரம்பித்தேன். ஒரு மனுசியின் முகத்தைப் பார்க்க முடியாமல் பின்வாசலில் நுழைகிற பிழைப்பு ஒரு பிழைப்பா?

ஐப்பசி மழையில் போனேன். ஒரு வாரமாக வெயிலே இல்லை, மூடுபனி ஜன்னலுக்குள் வந்து உட்கார்ந்திருந்தது. சர்வருக்குக் கரண்ட் கொடுக்கிற பேட்டரிப் பெட்டியில் ஏதோ கோளாறு என்று கூப்பிட்டிருந்தார்கள். அதைச் சரிசெய்துவிட்டு, பழக்கத்தில் இருநூற்றுப் பதினாலையும் பார்த்தேன். பார்க்காமலே போய்விடலாமா என்றுகூட நினைத்தேன்.

படிக்காத கடிதம் ஒன்றுமில்லை. ஐந்தும் படித்த இடத்தில் இருந்தன.

மெஷின் எல்லாவற்றையும் குறித்து வைத்திருந்தது. பதினோரு நாளைக்கு முன்னால், காலை நேரம். ஒரு தடவை தவறு. உடனே இன்னொரு தடவை தவறு. அப்புறம் ஒன்றுமில்லை. நாற்பது நிமிடம் ஒன்றுமேயில்லை. அதற்குப் பிறகு மூன்றாவது தடவை, சரி.

நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

சலவைக்கூடத்தின் பின்னால் துணி காயவைக்கிற அறை இருக்கிறது. மழைக்காலத்தில் அங்கே விறகு போட்டுச் சூடு ஏற்றினால்தான் பிள்ளைகளின் துணி காயும். அந்த அம்மா ஈரச் சாக்ஸ்களை ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கை நின்றது. இந்தத் தடவை நான் முன்வாசல் வழியாக வந்திருந்தேன்.

"படிச்சாச்சுக்கா" என்றேன். மிஸ் சொல்கிற அதே வார்த்தைதான் எனக்கும் வந்தது.

அவர் அப்படியே துணிக்குவியல் மேல் உட்கார்ந்துவிட்டார். நான் நடந்ததைச் சொன்னேன். இரண்டு தடவை தப்பு, நாற்பது நிமிடம், மூன்றாவது தடவை நம்பர்.

"நாப்பது நிமிசமுங்களா?"

"ஆமாங்க."

"அத்தன நேரம் உக்காந்து யோசிச்சிருக்கா" என்றவர் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். அழட்டும் என்று நான் விறகைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"எந்த ஊருல இருந்து தெறந்தாங்கன்னு புது மெஷினுல தோராயமாத் தெரியும். பாத்துச் சொல்லட்டுங்களா?" என்று கேட்டேன். கேட்கக் கூடாதுதான். கேட்டுவிட்டேன்.

"வேண்டாமுங்க" என்றார் உடனே. "அவளாச் சொல்லட்டும்."

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இப்ப அந்த நம்பருதான் பாஸ்வேடா இருக்குதுங்களா? வேற யாராச்சும் தெறந்துற மாட்டாங்களே?" என்றார்.

"இல்லீங்க. உள்ள போனதும் புதுசு வெக்கச் சொல்லி மெஷின் கேக்கும். வேண்டாம்னா கடுதாசியப் படிக்காம அப்படியே மூடிட்டுப் போயிரலாம். அவங்க வெச்சுட்டாங்க. கடுசான விதியெல்லாம் இருக்குதுங்க, பெரிய எழுத்து, சின்ன எழுத்து, குறின்னு. எல்லாத்தையும் போட்டுப் புதுசா வெச்சிருக்காங்க."

"என்ன வெச்சிருக்காளாம்?"

"அது எனக்கும் தெரியாதுங்க. யாருக்கும் தெரியாது."

அவர் சாக்ஸ் ஒன்றைத் திருப்பிச் சிவப்பு நூலைத் தடவிக்கொண்டிருந்தார். ஏதோ ஒரு பிள்ளையின் நம்பர்.

"ஏனுங்க சார், திரும்பி வர்ற எண்ணம் இல்லாதவ புதுசா வெப்பாளுங்களா?"

"வெக்க மாட்டாங்க."

அவர் எழுந்து கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார். மிஸ் இப்போது வகுப்பில் இருப்பாரா என்று கேட்டார். இன்னும் ஒரு மணி நேரம் ஆகும் என்றேன்.

"அப்ப நீங்களே அடிச்சுக் குடுத்துருங்க சார். நொம்ப இல்ல, ஒரே வரிதான். நாலு வருசமா வாயில வராதது இப்ப வந்துருச்சு, போறதுக்குள்ள எழுதிப்போடோணும்."